உன் தங்கைக்கு நீ கொண்டுவந்த கூலர்

நிரோஷன்,

பெயருக்கு முன்னால் வழக்கமாகப் போடும் அன்புச் சொற்களைப் போடத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அன்பு அடியில் எங்கேயோ கிடக்கிறது. இன்றைக்கு மேலே நிற்பது கோபம்தான். அதனால் பெயரை மட்டும் எழுதினேன். இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பப்போகிறேன். முழுவதையும் படி. பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்தப் படத்தை மட்டும் எனக்கு அனுப்பிவிடாதே, நான் உன்னைப் பெற்றவள்.

நேற்றுப் பின்னேரம் நீ போன் எடுத்தபோது, கடைசிப் பிள்ளையையும் தாயிடம் ஒப்படைத்துப் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு மழையில் மேடேறி வந்துகொண்டிருந்தேன். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை நீ. "அம்மா, தர்ஷிகிட்ட சொல்லிடுங்க. என்னோடதும் சரண்யாவோடதும் போட்டோவெல்லாம் வச்சி கல்யாணத்துக்கு ஒரு வீடியோ செய்யணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும், ஹட்டன் மண்டபத்துல பெரிய ஸ்கிரீன் போடுறாங்க" என்றாய். "நீயே அவளக் கேளேன்டா" என்றேன். "இதுல கேக்க என்னா இருக்கு? அவ வீட்டுல சும்மாதானே இருக்கா. கம்ப்யூட்டரும் நான் செஞ்சி குடுத்ததுதானே" என்றாய். பிறகு அலங்காரக்காரர் இன்னொரு லைனில் வருகிறார் என்று வைத்துவிட்டாய். குடையைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையில் நின்றேன். சும்மா இருக்கிறாளாம். நீ செய்து கொடுத்தாயாம். இந்த இரண்டு சொல்லுக்கும் பதில் சொல்லாமல் உன் கல்யாணத்துக்கு நான் சேலை மடிக்கப்போவதில்லை.

முதலில் அந்தக் கம்ப்யூட்டரை யார் செய்தது என்று பேசுவோம். அவள் ஏஎல் பரீட்சை முடித்த பிறகு லயத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்து, வந்ததைச் சேர்த்து, ஒவ்வொரு சாமானாக வாங்கினாள். பெட்டி ஒரு மாதம், போர்டு ஒரு மாதம். பெட்டி சின்னது, ஏனென்றால் நம் லயத்து வீட்டுக் காம்பராவில் தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடம் அவ்வளவுதான். பிராசசர் பழையது ஒன்று நல்லதாகக் கிடைத்தது, ஆனால் அதோடு கூலர் வரவில்லை. பிராசசரின் தலையில் உட்கார்ந்து அதன் சூட்டை இழுத்து வெளியே தள்ளும் அந்தச் சாமான் ஒன்றுதான் பாக்கி. அப்போதுதான் நீ பெரிய மனதோடு, "கூலர எங்கிட்ட விடு, நான் கடையில இருந்து கொண்டாறேன்" என்றாய். கொழும்பில் கம்ப்யூட்டர் கடையில் அதே வேலை செய்கிற அண்ணன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

நம்பினாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. உனக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதினாள், எனக்கும் வாசித்துக் காட்டினாள். போர்டின் பெயர், அதில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் நம்பர், பெட்டிக்குள் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரமான கூலர் போகாது என்பது, ரேம் இரண்டும் உயரமானவை, அகலமான கூலர் வந்தால் இடிக்கும் என்பது, மணிக்கணக்காக மெஷின் முழுப் பலத்தில் ஓடும் என்பது எல்லாம் அதில் இருந்தது. பெட்டிக்குள் அளக்கும் அடிமட்டத்தை வைத்துப் போட்டோவும் பிடித்து அனுப்பினாள். நீ பார்த்தாய், நீலக்குறி விழுந்தது. ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான்.

தீபாவளிக்கு வந்தாய். அட்டைப்பெட்டிகூட இல்லாமல், செய்தித்தாளில் சுற்றி, கோபுரம் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தாய். யாரோ ஒரு கஸ்டமர் சரிவரவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்ததாம், சும்மா கிடந்ததாம். கலர் கலராக லைட் எரியும் என்று அப்பாவுக்கு எரித்துக் காட்டினாய். தர்ஷினி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, இது பழைய சாக்கெட்டுக்கு உள்ளது மாதிரி இருக்கே, காலு பொருந்துமா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். "எனக்கே படிச்சிக் குடுக்குறியா? தள்ளு" என்றாய். கால் பொருந்தவில்லை. போர்டின் துளைக்கும் கூலரின் காலுக்கும் ஒரு நெல்மணி அளவு தள்ளி நின்றது. நீ காலை வளைத்தாய். இரண்டு பக்கம் ஸ்க்ரூ போட்டாய், மற்ற இரண்டு பக்கத்தையும் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கினாய், மரக்கறி மூட்டை கட்டுகிற மாதிரி. ரேம் ஒன்று இடித்தது, "இது ஒண்ணு போதும்" என்று மற்றதைப் பிடுங்கி மேசையில் வைத்தாய். கடைசியில் பெட்டியின் பக்கமூடி மூட மறுத்தது. அதையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாய் பார், அது இன்னும் என் காதில் இருக்கிறது: "நம்ம ஊரு குளிருக்கு மூடி என்னாத்துக்கு? இங்க குளிரே கூலர்தான். இதெல்லாம் கொழும்பு வெக்கைக்குத்தான் பாக்கணும்."

அப்பா சிரித்தார். பலகாரம் கொண்டுவந்த பக்கத்துக் காம்பரா ஆட்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காலையில் வாயைத் திறந்தால் புகை போகிற ஊரில் மெஷினுக்கு எதற்குக் காற்றாடி என்று இங்கே எல்லோரும்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கலாம். நீ கேட்கலாமா? பிராசசர் வேலை செய்யத் தொடங்கினால் அதன் சூடு வெளியே பனி பெய்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வராது, கூலர் அதன்மேல் ஒட்டி உட்காராவிட்டால் நம் றொசல்லயில் இருந்தாலும் ஒன்றுதான், கொழும்பில் இருந்தாலும் ஒன்றுதான் என்று உனக்குத் தெரியாதா? அதோடு நாம் எப்படி வாழ்கிறோம் என்பதையுமா மறந்துபோனாய்? குளிர் வெளியே, மகனே. காம்பராவுக்குள் யார் குளிரை விடுகிறார்கள்? ஜன்னல் இடுக்கில் சாக்கை அடைத்து, கதவைச் சாத்தி, அடுப்பை எரித்துக்கொண்டல்லவா இருக்கிறோம்? அந்தப் புகையும் கரியும், நனைந்த துணியின் ஈரமும், திறந்து கிடந்த அந்தப் பெட்டிக்குள் போயின. அடுத்த மழை விட்ட அந்தியில் ஈசல் கிளம்பியது. உன் கலர் லைட்டைப் பார்த்து நேராக உள்ளே இறங்கியது. காற்றாடி முழுக்க இறக்கை. உன் தங்கை சேலைக்குக் குத்தும் பின் ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

அப்போது அவளுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று உனக்குத் தெரியுமா? தெரியாது, நீ கேட்கவில்லை. கட்டப்போகிற வீடுகளின் உள்புறத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, போட்டோ மாதிரியே ஆக்கிக் கொடுக்கிற வேலை அவளுடையது. கொழும்பு ஆபீஸ் ஒன்று, மாதிரிக்கு ஒரு வீட்டைச் செய்து தரச் சொல்லியிருந்தது. சரியாக வந்தால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. வரைவதெல்லாம் வரைந்துவிட்டாள். அந்தப் படம் முழுசாகக் கணக்குப் போட்டு வெளியே வர மணிக்கணக்காகும், அப்போதுதான் பிராசசர் கொதிக்கும். பாதியில் மெஷின் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. விசிறி எடுத்து நானே பக்கத்தில் உட்கார்ந்து வீசினேன், அடுப்புக்கு வீசுகிற மாதிரி. எனக்கு வேறென்ன தெரியும்? வெளியே வந்த பாதிப் படத்தை மட்டும் அனுப்பினாள், கொடுக்க வேண்டிய நாள் போய்விட்டது. அந்த ஆபீசில் இருந்து மரியாதையாக ஒரு மெசேஜ் வந்தது, இந்த முறை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி கழுவப் போனாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் உனக்கு நான் சொன்னேன். காரணத்தைச் சொல்லக்கூடாது என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ என்ன சொன்னாய்? "அதெல்லாம் அவளுக்குச் சரிவராதும்மா. கொழும்புக்கு அனுப்புங்க, தெரிஞ்ச துணிக்கடையில கேஷியர் வேலைக்குச் சொல்லி வைக்கிறேன்." அடுத்தவன் காலைத் தட்டிவிட்டு, இவனுக்கு நடக்கத் தெரியாது என்கிற மாதிரி இருந்தது அது. உனக்குத் தெரியாமல் சொன்னாய் என்று அப்பா உனக்காக வாதாடுகிறார். தெரியாமல் சொன்னாய்தான். தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும், அதுகூட உனக்குப் பாரமாக இருந்தது.

பரிசம் போட இறம்பொடைக்குப் போனோமே, அங்கே சரண்யாவின் அப்பா எல்லோர் முன்னாலும், "மாப்பிள்ளை தங்கச்சிக்கு சொந்தக் கையால கம்ப்யூட்டரே செஞ்சி குடுத்திருக்காராமே" என்றார். நீ தலையைக் குனிந்து சிரித்தாய், அடக்கமாக. தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு தர்ஷினியும் சிரித்தாள். எனக்கு வாய்வரை வந்தது. திரும்பி வருகையில் வேனில், "ஏன்டி வாயத் தொறக்கல?" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். "விடுங்கம்மா. பொண்ணு வீட்டு முன்னுக்கு அண்ணன் மானம் போயிறும்" என்றாள். அவள்மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அவளுக்கு எழுத வேண்டிய கடிதம் வேறு, அதை நேரில் பேசிக்கொள்வேன்.

பிறகு அவளே பெட்டியைக் கோதுமை மா சாக்கில் சுற்றி, மழை படாமல் மடியில் வைத்து, பஸ்ஸில் ஹட்டனுக்குக் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். ரிஸ்வான் நானாவின் ரிப்பேர் கடை உனக்குத் தெரியும், உன் முதல் போனுக்குக் கண்ணாடி போட்ட அதே இடம். அவர் மூடி இல்லாத பெட்டியைப் பார்த்தார், கேபிள் டையைப் பார்த்தார். "யாரு மகள் இதப் பூட்டினது?" என்றார். "தெரியல நானா. வாங்கும்போதே இப்படித்தான் இருந்திச்சி" என்றாள் உன் தங்கை, என் முகத்தைப் பார்க்காமல். அந்த மனிதர் மேற்கொண்டு தோண்டவில்லை. "இது நல்ல சாமான்தான் மகள். இந்தப் போர்டுக்கும் இந்தப் பெட்டிக்கும்தான் சேராது. நீங்க என்ன வேலைக்குப் பாவிக்கிறீங்க?" என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கண்டியில் இருந்து ஒன்றை எடுப்பித்தார். குள்ளமானது, மேலிருந்து கீழே காற்று ஊதுவது, லைட் இல்லாதது. நான்கு காலும் நான்கு துளையில் நின்றன. ரேம் இரண்டும் பழைய இடத்துக்குப் போயின. பெட்டி மூடியது. அன்றிலிருந்து ஒருநாளும் அணையவில்லை.

இதோடு விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். போன வாரம் கூறைச்சேலை எடுக்கக் கொழும்புக்கு ரயில் ஏறி வந்தேனே, உன்னைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று உன் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேனே, அங்கேதான் எல்லாம் கெட்டது. ஒரு சிங்கள நோனா வந்தார், தன் மகனுக்குக் கூலர் வேண்டும் என்று. நீ அவருக்குக் கதிரை போட்டாய். சிங்களத்தில் எவ்வளவு பக்குவமாகக் கேட்டாய்! போர்டு என்ன மிஸ், சாக்கெட் என்ன, பெட்டியின் உள் உயரம் தெரியுமா, தெரியாவிட்டால் மகனுக்குப் போன் எடுங்கள், நான் பேசுகிறேன், ரேம் உயரமானதா, விளையாடவா படிக்கவா, அறையில் ஜன்னல் இருக்கிறதா, சத்தம் வந்தால் பரவாயில்லையா. அந்த அம்மா லைட் எரிகிற ஒன்றைக் காட்டி, இது அழகாக இருக்கிறதே என்றார். "அழகு முக்கியமில்ல மிஸ், பொருந்தணும்" என்றாய். அவ்வளவு கேள்வியும் உனக்குத் தெரிந்திருக்கிறது! நீ கேட்காமலே தர்ஷினி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி அனுப்பிய அதே கேள்விகள். உனக்கு விஷயம் தெரியாது, அவசரத்தில் பிசகிவிட்டாய் என்று அதுவரை என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அந்த மூலையில் உட்கார்ந்துதான் எனக்கு விளங்கியது. பிசகவில்லை, தங்கைக்கு இவ்வளவு போதும் என்று முடிவு செய்திருக்கிறாய். சேலைக் கடையில் நான் ஏன் பேசவில்லை என்று கேட்டாய். தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

உனக்குச் சப்பாத்து வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்குமுன் உன் பாதத்தைத் தரையில் வைத்து, விளக்குமாற்று ஈர்க்கால் அளந்து, ஒடித்து, அந்த ஈர்க்கைத்தான் டவுனுக்குக் கொண்டுபோவோம். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு வருஷம் எனக்குக் காய்ச்சல், அப்பா போனார். பஸ் நெரிசலில் ஈர்க்கு எங்கேயோ விழுந்துவிட்டது. மனுஷன் கடை வாசல்வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். நீ தரையில் புரண்டு அழுதாய். நானும் திட்டினேன், ஒரு குத்துமதிப்பாக வாங்கி வந்திருக்கக் கூடாதா என்று. "நடக்கப் போறது அவன் காலு. நான் எப்படி குத்துமதிப்பா வாங்குறது?" என்றார். மறுநாள் வேலைக்குப் போகாமல் உன்னையே தூக்கிக்கொண்டு போனார். அந்தக் காலில்தான் இன்று கொழும்பில் நடக்கிறாய். உனக்கு யாரும் குத்துமதிப்பாக எதையும் கொடுக்கவில்லை, நிரோஷன். பட்டினி கிடந்த நாளில்கூடக் கொடுக்கவில்லை.

உனக்குக் கல்யாணம். புத்தி சொல்ல வேண்டிய நேரம்தான், சொல்கிறேன். சரண்யா வாயாடி இல்லை, தர்ஷினி மாதிரியே மெதுவாகப் பேசுகிற பிள்ளை. அதுதான் எனக்குப் பயம். வெளியாளுக்குக் கதிரை போட்டு, வீட்டுப் பெண்ணுக்குத் "தள்ளு" என்று சொல்கிற பழக்கத்தோடு நீ அவள் கழுத்தில் தாலி கட்டினால், அவளும் ஒருநாள் உன் மானத்தைக் காப்பாற்றத் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வெளியே பார்ப்பவர்களுக்கு நல்ல குடும்பமாகத் தெரியும். அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம், கொழும்பு அறையில் அவளுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேள். கேட்டுவிட்டுக் காத்திரு. அவள் சொல்வதை வாங்கிக்கொள். சொன்னதைப் பார்த்துவிட்டு உன் இஷ்டத்துக்குச் செய்வது, கேட்காமல் இருப்பதைவிடக் கேவலம்.

இனி உன் வீடியோ. அந்தக் கொழும்பு ஆபீசில் இருந்து தர்ஷினியைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். முந்தி வேலைக்கு எடுத்தவர் விட்டுவிட்டுப் போய்விட்டாராம், நீங்கள் வரைந்த பாதிப் படம் எங்களுக்கு ஞாபகம் இருந்தது என்றார்களாம். ஒரு முழு வீடு செய்து கொடுக்க வேண்டும், இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். என்றைக்குக் கொடுக்க வேண்டும் தெரியுமா? வெள்ளிக்கிழமை. நான் இதை எழுதும் இந்த நேரத்திலும் பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். உன் செய்தியை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "அண்ணன் கல்யாணம்தானேம்மா" என்று தன் வேலையை நிறுத்திவிட்டு, உன் போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பிறகு துணிக்கடைதான்.

ஆகவே வெள்ளிக்கிழமைவரை அவளுக்குப் போன் எடுக்காதே, மெசேஜும் போடாதே. சனிக்கிழமை எடு. வேலை என்னவாயிற்று என்று முதலில் கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. தீபாவளியன்று நீ பூட்டிய கூலர் என்ன செய்தது என்று அதற்குப் பிறகு கேள். வீடியோவைப் பற்றி அவளாகப் பேச்செடுத்தால் பேசு. எடுக்காவிட்டால் மண்டபத்தில் அந்தப் பெரிய ஸ்கிரீன் வெறுமையாகவே தொங்கட்டும். மாப்பிள்ளை வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தும் ஏன் ஒன்றும் ஓடவில்லை என்று யாராவது கேட்டால், என்னிடம் அனுப்பு. நான் மணவறைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். இந்தமுறை எனக்குத் தலைவலி இருக்காது.

அம்மா